சிங்கப்பூரில் காட்டுயிர் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து நாள் சிங்கப்பூர் போய்வரும் நம் குடும்பங்களின் பட்டியல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். செந்தோசா, மெரினா பே, முஸ்தபா கடை, அப்புறம் இயற்கைக்கென்று மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டமும் நைட் சஃபாரியும். மண்டாய் நல்ல இடம்தான், பிள்ளைகளோடு போனால் விடவே கூடாது. ஆனால் "காட்டுயிர் பார்த்தாகிவிட்டது" என்று அங்கேயே கணக்கை முடிப்பது முதல் தவறு. அந்த ஊர் ஆறுகளில் நீர்நாய்க் கூட்டங்கள் திரிகின்றன. கழிமுகத்தில் உவர்நீர் முதலை கிடக்கிறது. குடியிருப்புகளுக்குப் பக்கத்து மரங்களில் இருவாச்சி வந்து உட்காருகிறது. இவற்றையெல்லாம் பார்க்க டிக்கெட் கிடையாது. சரியான நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலோர் கோட்டை விடுவது அந்த நேரத்தில்தான்.

சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்கே பூங்காவுக்குப் போகிறவர் இருட்டில் நிற்பார். இன்னொரு பக்கம், அங்கே காலை ஏழு என்பது நம் உடம்புக்கு நாலரை மணி. அதனால் முக்கால்வாசிப் பேர் எழுந்து, குளித்து, ஓட்டல் பஃபேயை முடித்துக் கிளம்பும்போது பத்தரை ஆகியிருக்கும். பறவைகளின் பரபரப்பு அதற்குள் அடங்கிவிடும். புழுக்கத்தில் நமக்கும் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், பிள்ளைகள் ஏசி எங்கே என்று கேட்க ஆரம்பிப்பார்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை, இல்லையென்றால் மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட் சஃபாரி போன ராத்திரிக்கு மறுநாள் காலையில் எந்தக் காட்டு நடையையும் வைக்காதீர்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எல்லாரும் கேட்பது நீர்நாய்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1970-களில் சிங்கப்பூரிலிருந்து காணாமல் போன விலங்கு இது. ஆறுகளைச் சுத்தம் செய்த பிறகு, 1990-களின் கடைசியில் தானாகத் திரும்பி வந்தது. நம் காவிரியில் இருக்கும் அதே இனம். காவிரியில் அதைப் பார்க்க வெகுநேரம் காத்துக் கிடக்க வேண்டும், இங்கே ஜாகிங் போகிறவர்களின் காலடியிலேயே கரையேறுகிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆறு முன்பு நேர்கோட்டில் ஓடிய வெறும் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து புல்கரையோடு ஓடும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். ஒரு நகரம் தன் ஆற்றை இப்படித் திருப்பித் தர முடியும் என்பதைப் பார்க்கவே அங்கே ஒருமுறை போகலாம்.

நீர்நாய் வருவதை முதலில் தண்ணீரில் கோடுபோல ஓடும் குமிழிகள்தான் காட்டிக்கொடுக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தலைகள் எழும். பிடித்த மீனை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கும், முள் நொறுங்கும் சத்தம் கரை வரைக்கும் கேட்கும். வயிறு நிரம்பியதும் கரையேறி, ஈரம் போகப் புல்லில் புரண்டு, எல்லாம் ஓரிடத்தில் கூடி எச்சமிடும். அந்த மீன் வாடை தெரிந்தால் அது அவற்றின் வழக்கமான இடம் என்று புரிந்துகொள்ளலாம். இந்தக் கட்டத்தில்தான் மனிதர்கள் போனை நீட்டிக்கொண்டு சுற்றி வளைக்கிறார்கள். அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றால் தப்பிக்கும் வழியை அடைத்ததாக அர்த்தம். குட்டி இருக்கும் கூட்டமாக இருந்தால் கடிக்கும், கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பத்தடி பின்னால் வந்து சும்மா நில்லுங்கள். உங்களைப் பொருட்படுத்தாமல் அவை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும், படமும் நன்றாக வரும்.

அடுத்தது நம் ஊர்க்காரர்கள் நல்ல மனதோடு செய்வது: குரங்குக்கு வாழைப்பழம், காக்கைக்கும் புறாவுக்கும் சோறு. கோயில் மலைகளில் கொடுத்துப் பழகிய கை அது. சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். 2020-இல் இறுக்கிய சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம், புறாவுக்கும் இது பொருந்தும். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தீனிக்குப் பழகிய குரங்கு மனிதரைத் தேடி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும், இல்லையென்றால் வீடுகளுக்குள் புகுந்து கெட்ட பெயர் வாங்கும். மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப் பகுதிகளுக்குப் போகும்போது கையில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சரசரப்புக்குத் தின்பண்டம் என்று அர்த்தம் என அங்குள்ள குரங்குகள் கற்றுவைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். குரங்கு எதிரே வந்தால் கண்ணோடு கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல் நடந்து கடந்துவிடலாம்.

மெக்ரிட்சி என்றதும் மரக்கிளைகளுக்கு மேலே போகும் 250 மீட்டர் தொங்குபாலம்தான் நினைவுக்கு வரும். அது திங்கட்கிழமை மூடியிருக்கும், மழை இடி என்றாலும் மூடுவார்கள். அதுவரை காட்டுக்குள் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது தெரியாமல் செருப்போடு, ஒரு பாட்டில் தண்ணீரோடு வருகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் தொங்குபாலத்தை விட்டுவிட்டு லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் மரப்பலகை நடைபாதைக்குப் போங்கள். மரத்தண்டுகளை மெதுவாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் கொலுகோ கண்ணில் படலாம். இருட்டியதும் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் விலங்கு அது. வேகமாக நடப்பவருக்கு அது வெறும் மரப்பட்டை.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பருவம் முக்கியம். வலசைப் பறவைகள் செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் இருக்கும். மே மாத லீவில் போய், பறவையே இல்லை என்று திரும்புகிறவர்கள் பாவம். அப்போதும் பெரிய உடும்புகளும், சேற்றில் துள்ளும் மீன்களும், அதிர்ஷ்டம் இருந்தால் பிரதான பாலத்தடியில் முதலையும் கிடைக்கும். முதலை இருக்கிற இடம் என்பதால் பாதையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது, பிள்ளைகளை நீரோரம் விடக் கூடாது. கடல் ஏற்றத்தையும் பார்த்துப் போங்கள். வெளியே சேற்றுத்திட்டுகள் முழுகும்போதுதான் பவளக்காலி, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் எல்லாம் உள்ளே குளங்களுக்கு ஒதுங்கி, மறைவிடத்திலிருந்து பார்க்கும் தூரத்தில் நிற்கும்.

புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவாவில் கதை தலைகீழ். அங்கே நீர் வற்ற வேண்டும். சிங்கப்பூரின் ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை இணையத்திலேயே கிடைக்கிறது. பகலில் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அன்றைக்கு நடைபாலத்திலிருந்தே கடற்புல்லையும், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளையும் பார்க்கலாம். நீர் ஏறிய நேரத்தில் போனால் வெறும் கடல்தான் தெரியும். இந்த இடத்தை மண் கொட்டி நிரப்பும் திட்டம் 2001-இல் மக்கள் காட்டிய அக்கறையால் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இல்லாமல் போயிருந்த இருவாச்சி 1994-இல் திரும்பத் தென்பட்டதும் இதே தீவில்தான். அரை நாளில் இதை முடித்துவிட்டு மத்தியானம் ஷாப்பிங் என்று திட்டம் போடாதீர்கள். சாங்கி பாயிண்டிலிருந்து கிளம்பும் மரப்படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். கட்டணத்துக்குச் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையிலிருந்து செக் ஜாவாவுக்கு சுமார் 3 கி.மீ. நடக்க முடியாதவர்கள் இறங்கின இடத்திலேயே வாடகை சைக்கிளோ வேனோ பேசிக்கொள்ளலாம். வேனில் போனால் திரும்பக் கூட்டிவரும் நேரத்தையும் அப்போதே பேசி வையுங்கள்.