நிர்வாகக் குழுவின் சுயமதிப்பீடு: சராசரியில் மறைந்துபோகும் விஷயங்கள்

ஒரு தொண்டு நிறுவனத்தில் ஊழியர்களின் வேலையைச் செயல் இயக்குநர் கவனிக்கிறார். செயல் இயக்குநரின் வேலையை நிர்வாகக் குழு கவனிக்கிறது. சரி, நிர்வாகக் குழுவின் வேலையை யார் கவனிப்பது? லாப நோக்கில் நடக்கும் கம்பெனி என்றால் பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள். தொண்டு நிறுவனத்துக்கு அப்படி உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஆடிட்டர் கணக்கைப் பார்ப்பார். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியை யாராவது கேட்டார்களா என்று பார்க்க மாட்டார். நிறுவனத்தை நம்பி இருக்கும் பயனாளிகளுக்குக் குழுவின் அறைக்குள் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. குழு தன்னைத்தானே எடைபோட்டுப் பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். அதைச் சடங்காகச் செய்து முடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாகவும் இருக்கிறது.

முதல் தவறு படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. ‘நம் திட்டங்கள் நல்ல பலன் தருகின்றனவா?’, ‘ஊழியர்கள் அர்ப்பணிப்போடு உழைக்கிறார்களா?’ என்று கேள்விகள் இருக்கும். இவை நிறுவனத்தைப் பற்றியவை, குழுவைப் பற்றியவை அல்ல. குழுவின் வேலை வேறு: திசையைத் தீர்மானிப்பது, பட்ஜெட்டைக் கேள்வி கேட்டு ஒப்புதல் தருவது, செயல் இயக்குநரை நியமித்து அவருடைய பணியை மதிப்பிடுவது, உறுப்பினரின் சொந்த நலன் நிறுவனத்தின் நலனோடு மோதும் இடங்களைக் கையாள்வது, தகுதியான புதியவர்களைக் கொண்டுவருவது. நிறுவனம் நன்றாக நடக்கும்போது குழு தூங்கிக்கொண்டிருக்கலாம். செயல் இயக்குநரின் திறமையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர் விலகிப் போகும் நாளில்தான் குழு என்ன நிலையில் இருக்கிறது என்பது தெரியவரும்.

அடுத்தது, பொத்தாம்பொதுவான கேள்விகள். ‘நிதி மேற்பார்வையில் நம் குழு சிறப்பாகச் செயல்படுகிறது’ என்ற வரிக்கு ஐந்துக்கு நான்கு போடாதவர்கள் அரிது. இதில் யாரும் பொய் சொல்வதில்லை, மனித இயல்பே அப்படித்தான். ஓலா ஸ்வென்சன் என்ற உளவியல் ஆய்வாளர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாக நினைத்த அமெரிக்கர்கள் 93 சதவீதம். நல்ல எண்ணத்தோடு இலவசமாக நேரம் கொடுத்து உழைப்பவர்களுக்குத் தங்களைப் பற்றி இந்த எண்ணம் இன்னும் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு மருந்து, நடந்ததைக் கேட்பது. ‘இப்போதைய கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்பதைத் தாளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியும்.’ ‘கடந்த ஒரு வருடத்தில் நம் முன் வந்த திட்டம் ஒன்றையாவது மாற்றச் சொல்லியோ மறுத்தோ இருக்கிறோம்.’ ‘சொந்த நலன் கலந்த விஷயம் வந்தபோது அந்த உறுப்பினர் வாக்கெடுப்பிலிருந்து விலகி இருந்தார்.’ இப்படிப்பட்ட வரிகளுக்கு மரியாதைக்காக நான்கு போட முடியாது.

ஆயத்தக் கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன. தொண்டு நிறுவனக் குழுக்களுக்காக ஜாக்சன், ஹாலண்ட் என்ற ஆய்வாளர்கள் சோதித்து 1998-ல் எழுதிய பட்டியலில் 65 கேள்விகள், குழுவின் ஆறு திறன்களை அளப்பவை. அதில் எனக்குப் பிடித்தது, உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதமும், குழு தன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்வதும்கூடத் திறன்களாகக் கணக்கில் வருவது. ஆனால் ஏழு பேர் கொண்ட சிறிய குழு அதை அப்படியே எடுத்துக் கொடுத்தால், பாதிக்கு மேல் போனதும் ஒரே எண்ணை வரிசையாகச் சுழித்துவிடுவார்கள். 20 கேள்விகளும், சொந்த வார்த்தையில் எழுத இரண்டு இடங்களும் போதும்.

நான் அதிகம் பார்த்த தவறு, அதிகம் வலித்த தவறும்கூட, சராசரி போடுவது. நான் இருந்த ஒரு குழுவில் ஒன்பது பேர். ‘நிதி அறிக்கை எனக்கு முழுதாகப் புரிகிறது’ என்பதற்கு ஆறு பேர் 5 போட்டிருந்தார்கள், இரண்டு பேர் 2, ஒருவர் 1. சராசரி 3.9. தொகுப்பில் அது ‘நன்று’ என்ற பச்சைக் கட்டத்தில் விழுந்தது. அப்படியே அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். குழுவில் மூன்றில் ஒரு பங்கு பேர் கணக்கைப் புரிந்துகொள்ளாமலே ஒவ்வொரு முறையும் கை தூக்கி ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படிவங்கள் சொன்ன செய்தி. அது என் கண்ணிலும் அன்றைக்குப் படவில்லை. தொகுத்தவன் நான்தான்.

அதன் பிறகு நான் சராசரியை முதலில் பார்ப்பதில்லை. எந்தக் கேள்விக்குப் பதில்கள் இரண்டாகப் பிரிகின்றன என்று தேடுவேன். எல்லோரும் 3 போட்டால் ஒரு குறையை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது எளிது. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 என்றால் ஒரே அறையில் இரண்டு வேறு குழுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பழையவர்களும் புதியவர்களுமாக இருக்கலாம், தலைவருக்கு நெருக்கமானவர்களும் மற்றவர்களுமாக இருக்கலாம். அரை மணி நேரம் பேச வேண்டிய கேள்வி அது.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ‘எத்தனை வருடமாக உறுப்பினர்?’, ‘எந்தத் துணைக் குழு?’ என்று கேட்பதும் நடக்கிறது. சிறிய குழுவில் இந்த இரண்டு பதிலே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். படிவங்கள் நேராகத் தலைவரிடம் போனால் தலைவரைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் வராது. தொகுப்பவர் வெளியாளாகவோ, எந்தப் பக்கமும் சாராதவர் என்று எல்லோரும் நம்பும் ஒருவராகவோ இருக்கட்டும்.

செயல் இயக்குநரிடம் கருத்துக் கேட்காமல் விடுவதும் இழப்புதான். குழுவை மிக அருகிலிருந்து பார்ப்பவர் அவர். யார் தாள்களைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய பதிலை மற்றவர்களின் பதிலோடு கலக்கக் கூடாது, தனியாக வைத்துப் படிக்க வேண்டும். தன் வேலையைத் தீர்மானிப்பவர்களைப் பற்றி எழுதுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

எப்போது செய்வது என்பதிலும் சறுக்குகிறார்கள். சண்டை வந்த பிறகோ, தலைவர் தேர்தலுக்கு முந்தைய மாதமோ செய்தால் ஒவ்வொரு வரியும் ஒரு ஆளைக் குறிவைத்ததாகவே படிக்கப்படும். பிரிட்டனின் தொண்டு நிறுவன நிர்வாக நெறிமுறை 2017 பதிப்பில், பெரிய நிறுவனங்களின் குழுக்கள் ஆண்டுதோறும் தங்களை மதிப்பிட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் மதிப்பீடும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறிய குழுக்கள் முழு மதிப்பீட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். நாள் முன்பே குறிக்கப்பட்டிருப்பது முக்கியம்.

அப்புறம், அறிக்கை வந்ததும் ‘குழு இதைக் கவனத்தில் கொண்டது’ என்று மினிட்ஸில் ஒரு வரி எழுதிக் கோப்பில் வைப்பது. இப்படி ஒருமுறை நடந்தாலே அடுத்த முறை யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. 14 குறைகள் தெரிந்தாலும் இரண்டை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர், ஒரு தேதி. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கடைசியில் ‘இதர விஷயங்கள்’ பகுதியில் அல்லாமல், நிதி அறிக்கைக்கு முன்னால் அதற்கு இடம் கொடுங்கள்.

அந்த ஒன்பது பேர் குழுவில் தாமதமாகத்தான் செய்தோம், ஆனால் செய்தோம். பொருளாளர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, கட்டுப்பாடுள்ள நன்கொடை எது, இஷ்டம்போல் செலவிடக்கூடியது எது என்று வரி வரியாக விளக்கினார். நிபந்தனையோடு வந்த பணத்தையும் சேர்த்து எண்ணியதால்தான் கையிருப்பு பெரிதாகத் தெரிகிறதா என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார் பொருளாளர். கேள்வி கேட்டவர், முந்தைய கூட்டங்களில் அதிகம் பேசாத உறுப்பினர்.