தொலைந்த பழைய வாத்தியத்தை மீட்பது: மர ரேகையில் தொடங்குங்கள்

திருடியவர் வாத்தியத்தின் சீரியல் எண்ணைச் சுரண்டிவிடலாம். உள்ளே ஒட்டிய லேபிளைக் கிழிக்கலாம், தந்தியை முறுக்கும் பிரடைகளை மாற்றலாம். தெளிவான வார்னிஷுக்கு அடியில் ஓடும் மர ரேகையை மட்டும் மாற்ற முடியாது. கனடா ராக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் கிதார், கிரெட்ச் நிறுவனத்தின் 1957 தயாரிப்பு, 1976-இல் டொராண்டோவில் திருடுபோனது. பழைய படங்களில் தெரிந்த ரேகையை வைத்துத் தேடியதில், 2020-இல் அது ஜப்பானில் இருப்பது தெரியவந்தது. 2022-இல் டோக்கியோவில் அவர் கைக்கே திரும்பியது. பழைய வாத்தியம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, அந்த ரேகையைப் படம் பிடிப்பது.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பு ரேகையை விழுங்கிவிடும். முன், பின், இரு பக்கம், தலைப்பகுதி என முழுப்படம் எடுத்த பிறகு, உள்ளங்கை அகலப் பகுதியாக நகர்ந்து நகர்ந்து நெருக்கத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். கணுக்கள், ஒட்டிச் சரிசெய்த விரிசல், விரல் தேய்த்த இடம் எதையும் விடாதீர்கள். உள்லேபிளுக்குச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். பல பழைய எலெக்ட்ரிக் கிதார்களில் எண் இருப்பது நான்கு திருகில் மாட்டிய ஒரு தகட்டில்தான். கழற்றி வேறொன்றில் மாட்ட இரண்டு நிமிடம் ஆகாது. அதனால் பழுதுபார்ப்பவர் கிதாரைத் திறக்கும்போது, கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய தேதியையும் உள்ளே உள்ள பாகங்களின் எண்களையும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பெட்டிக்குள் வைத்த பிரதி பெட்டியோடு போய்விடும்.

தொலைந்துவிட்டதா? மறந்து வைத்ததா, திருடுபோனதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மறந்ததென்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 1999-இல் செல்லோ கலைஞர் யோ-யோ மா, மொன்டக்னானா என்பவர் 1733-இல் செய்த தன் செல்லோவை நியூயார்க் டாக்ஸியின் டிக்கியில் விட்டுவிட்டு இறங்கினார். ரசீது கையில் இருந்ததால் வண்டியைக் கண்டுபிடிக்க முடிந்தது, செல்லோ அன்றைக்கே திரும்பியது. வாத்தியத்தோடு பயணம் போனால் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

திருட்டென்றால் உடனே போலீஸ் புகார். "பழைய வயலின் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தால் பயனில்லை. தயாரிப்பாளர், ஆண்டு, எண், அடையாளக் குறிகள், படங்கள் எல்லாம் புகாரிலேயே இருக்க வேண்டும். புகாரின் நகலை வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பிறகு வாத்தியம் பழுதுபார்ப்பவர்கள், பழைய வாத்தியம் வாங்கி விற்பவர்கள், அடகுக் கடைகள், ஏல நிறுவனங்கள் எல்லோருக்கும் படங்களை அனுப்புங்கள். பழுதுபார்ப்பவர்களை நாங்கள் மிக முக்கியமாக நினைக்கிறோம்: வாத்தியம் யார் கையில் இருந்தாலும் ஒருநாள் தந்தி மாற்றவோ மதிப்புக் கேட்கவோ வெளியே வந்தே தீரும். வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பெர்க்கின் ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் 1980-இல் களவுபோய், மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டப்பட்டதால்தான் 2015-இல் சிக்கியது. டோட்டன்பெர்க் 2012-லேயே காலமாகிவிட்டார். வயலின் மகள்களிடம் வந்தது.

படங்களைப் பரப்பும்போது ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் வாத்தியம் என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று வருபவரிடம் அதைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை நிறுத்துங்கள்.

இணைய விற்பனைத் தளங்களில் மாதிரியின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் போதாது. விற்பவருக்குப் பெயரே தெரியாமல் இருக்கலாம், எழுத்துப்பிழையோடும் போட்டிருக்கலாம். இரண்டு விதமாகவும் தேடுங்கள், வருடக்கணக்கில் தேடுங்கள். கண்ணில் பட்டால் விற்பவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். விளம்பரம் அடுத்த நிமிடம் மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளம்பர எண்ணோடு போலீசிடம் கொடுங்கள். தனியாகப் போய்ச் சந்திக்கவே வேண்டாம்.

கிடைத்த நாளில் ஆசையில் துடைத்துவிடாதீர்கள், கைரேகை ஆதாரம் அழியும். குளிர்ந்த இடத்திலிருந்து வந்திருந்தால் பெட்டியைத் திறக்காமல் அறையிலேயே சில மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் வையுங்கள். குளிர்ந்த மரம் திடீரென்று சூடுபட்டால் பழைய மேற்பூச்சு வெடிக்கும். வயலினை மெல்லச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ உருண்டால் சவுண்ட் போஸ்ட், அதாவது மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சின்னக் குச்சி, விழுந்திருக்கிறது. உடனே தந்திகளைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் அழுத்தத்தில் மேல்பலகை அமுங்கிவிடும். போஸ்ட் நின்றுகொண்டிருந்தால் எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தக் கூடாது. அதனாலேயே அது விழலாம். வீணையென்றால் வெயிலில் கிடந்ததா என்று பாருங்கள், மெட்டுக் கம்பிகளைப் பதித்த மெழுகு இளகி அவை நகர்ந்திருக்கும். எந்த வாத்தியத்திலும் ஸ்பிரிட் படக் கூடாது, பழைய வார்னிஷ் கரைந்துவிடும்.

காப்பீட்டுத் தொகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால், மீண்ட வாத்தியத்தின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போயிருக்கும். தொகையைத் திருப்பிக் கட்டி எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அப்படியொரு வரி இல்லையென்றால், வாத்தியம் தொலைவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.