ஏஎம் ஆய்வகத்தில் அலை நிற்காமல் ஓடுகிறதா?

வீச்சுப் பண்பேற்ற (ஏஎம்) சோதனையில், அதாவது செய்தி அலைக்கு ஏற்ப ஊர்தி அலையின் வீச்சை மாற்றும் சோதனையில், ஆசிலோஸ்கோப்பின் திரையில் அலை ஓடிக்கொண்டே இருந்தால், சர்க்யூட்டைக் கலைக்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் டிரிக்கர்தான் (திரையில் அலை எந்தப் புள்ளியில் வரையத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அமைப்பு) காரணம். செய்தி அலையை இரண்டாம் சேனலில் கொடுத்து, டிரிக்கரை அந்தச் சேனலுக்கு மாற்றுங்கள். அலையின் மேலுறை (உச்சங்களை இணைக்கும் வெளிக்கோடு) அசையாமல் நிற்கும்.

இப்போது உச்சம் முதல் உச்சம் வரை, அகன்ற இடத்தையும் குறுகிய இடத்தையும் அளக்கவும். 6 வோல்ட், 2 வோல்ட் என்றால் வேறுபாடு 4, கூட்டுத்தொகை 8. வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பண்பேற்ற எண் (பண்பேற்றத்தின் அளவு) 0.5.

அத்துடன் நிறுத்திவிடாமல் எக்ஸ்-ஒய் முறைக்கும் (நேரத்துக்குப் பதில் ஒரு சேனலை மற்றொன்றுக்கு எதிராக வரையும் முறை) மாற்றிப் பாருங்கள். பலரும் தவறவிடும் அருமையான சோதனை இது. செய்தி அலை எக்ஸிலும் பண்பேற்றிய அலை ஒய்யிலும் இருக்க வேண்டும். சரிவகம் தோன்றும். பண்பேற்றம் 100 சதவீதமானால் அது முக்கோணமாகும். அதையும் தாண்டினால் முனையிலிருந்து ஒரு கோடு நீளும். சாய்ந்த பக்கங்கள் வளைந்திருந்தால் பண்பேற்றி நேர்போக்கில் இயங்கவில்லை. மேலுறையை மட்டும் பார்த்தால் இந்தக் குறை எளிதில் கண்ணில் படாது.

பண்பேற்றிய அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் டையோடு கண்டறிவிக்கு, ஊர்தி அலை 100 கிலோஹெர்ட்ஸ், செய்தி 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10 கிலோஓம் மின்தடை, 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நல்ல தொடக்கம்.