அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் உங்கள் குணம் தெரிய என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை. ஹார்வர்டில் படிப்பு, விளையாட்டு, பிற செயல்பாடுகள் போலவே மாணவரின் குணத்துக்கும் 1 முதல் 6 வரை ஒரு எண் போட்டார்கள், 1தான் உயர்ந்தது. 2018-இல் ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்துப் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு விசாரணையில் இந்த விவரம் அலசப்பட்டது. முகம் பார்க்காத பிள்ளைக்கு அந்த எண்ணை எதை வைத்துப் போடுவார்கள்? பெரும்பாலும் விண்ணப்பக் காகிதத்தை வைத்துத்தான். அதனால் அதைக் கவனமாகத் தயாரிப்போம்.

முதலில் செயல்பாடுகளின் பட்டியல். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கே நான்கு கேட்கிறது. முதலில் அந்த நான்கைத் தேர்ந்தெடுங்கள். எதை விட மனசு வரவில்லையோ, அதுதான் உங்களுடையது.

வீட்டுப் பொறுப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காமன் ஆப்பில் அதற்குத் தனி வகையே இருக்கிறது. "அப்பாவுக்குக் கடையில் உதவி" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "தினமும் மாலை மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிறேன், சரக்கு தீருமுன் பட்டியல் போடுகிறேன், தங்கையின் வீட்டுப்பாடமும் என் பொறுப்பு" என்று எழுதிப் பாருங்கள். பொறுப்பான பிள்ளை என்று யாரும் சொல்லவே வேண்டாம். பத்து மன்றங்களில் பெயரளவுக்குத் தலைவராக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, உங்களுக்குப் பரிந்துரை எழுதும் ஆசிரியர். அவருக்கு வரும் படிவத்தில் நேர்மை, பிறர்மேல் அக்கறை, பின்னடைவை எதிர்கொள்ளும் விதம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 'சராசரிக்குக் கீழே' என்பதில் தொடங்கி, 'நான் பார்த்த மிகச் சிறந்த சிலரில் ஒருவர்' என்பது வரை அவர் குறிக்கலாம். ஆகவே அதிக மதிப்பெண் போட்டவரைவிட, நீங்கள் ஒரு கணக்கில் திணறி, மறுநாள் திரும்பி வந்து கேட்டதைப் பார்த்தவரிடம் போங்கள்.

காமன் ஆப்பில் உங்களைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு 650 சொற்கள் வரை. ஒரே ஒரு சம்பவம் போதும். அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்கட்டும்.

அப்புறம், பல கல்லூரிகளின் முதல் விண்ணப்பச் சுற்று நவம்பர் 1-இல் முடிந்துவிடும். ஆசிரியரிடம் 11-ஆம் வகுப்பு முடியும்போதே நேரில் பரிந்துரை கேட்டுவிடுங்கள். அவர் வகுப்பில் நடந்த, உங்களுக்கு மறக்காத இரண்டு சம்பவங்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.