பாசார் மாலாமில் பிள்ளை அடம் பிடிக்காமல் இருக்க

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போனால், வண்டியை விட்டு இறங்கும் முன்பே 5 வெள்ளியை (ரிங்கிட்) ஒரு வெள்ளித் தாள்களாகப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். "இது உன் காசு. எது வேணுமோ நீயே வாங்கிக்கோ, தீர்ந்தா தீர்ந்ததுதான்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வாரம் ஒரு நாள் வரும் சந்தை பிள்ளைகளுக்குத் திருவிழாதான். விளக்கும் பொம்மையும் அப்பாம் பாலிக் பலகார வாசனையும் சேர்ந்து இழுக்கும். ஆசையைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20 வயதுக்கு மேல் ஆகும், ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் தாள் ஒவ்வொன்றாகக் குறைவது அதன் கண்ணுக்கே தெரியும். "வேண்டாம்" என்று சொல்வது நீங்கள் இல்லை, காசு. அதனால் கோபம் உங்கள் மேல் பாயாது. நமக்கும் செலவு 5 வெள்ளியோடு நிற்கும். உதவாத பிளாஸ்டிக் பொம்மையை வாங்கினாலும் வாயைத் திறக்காதீர்கள், இதுதான் கஷ்டமான பகுதி!

காசு கணக்கு புரியாத மூன்று, நான்கு வயதுக்கு இது சரிப்படாது. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் பிள்ளையிடமும் பலிக்காது; முதலில் சாப்பிட வையுங்கள். அழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கணக்குப் பேசாதீர்கள். கூட்டத்தை விட்டு ஓரமாகத் தூக்கிப் போய், "வாங்க முடியலன்னு கோபமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அழுகை அடங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு வெள்ளி மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வாரமும் அதே அழுகை வரும்.