கல்லூரி மாணவர்களிடம் ஈமெயில் வழியாக ஆய்வுத் தரவு திரட்டுவது எப்படி?

கூகுள் ஃபார்ம் ஒன்றை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அதை யாருக்கு அனுப்புவது என்பதில்தான் ஆய்வு நிற்கும், விழும். ஆகவே பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றுக்கு அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் பக்கமிருந்து தினமும் வந்துபோகும் மாணவர்களின் பயணம்தான் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். (முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய ஆய்வென்றால் இந்த முறையே வேண்டாம். லிங்க் பிள்ளைகளின் போனுக்குப் போகும், பதிலும் பிள்ளைகளுடையதாகிவிடும். நேரில் போய்க் கேளுங்கள்.)

படி 1: பட்டியல்

முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அப்படி வந்துபோவோரின் ஈமெயில் பட்டியலைப் பெறுங்கள். 1000 பேர் இருந்தால், எத்தனை பேருக்கு எத்தனை பதில் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி - மார்கன் (1970) அட்டவணைப்படி 278 பதில் தேவை. பாதிப்பேர்தான் பதில் தருவார்கள் என்று கணக்கிட்டு 556 பேரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யாருக்குப் போனது என்று பிறகு சொல்லவே முடியாது.

படி 2: கேள்விகள்

ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். "பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒருவர் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை நினைப்பார், இன்னொருவர் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டை நினைப்பார். எது என்று கேள்வியிலேயே எழுதுங்கள். "பஸ் வசதியும் நேரமும் திருப்தியா?" என்பது இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள்.

கட்டணம் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. கட்டத்தைக் காலியாக விட்டவர் இலவசமாகப் போகிறவரா, கேள்வியைத் தாண்டியவரா என்று தெரியாமல் போகும். "கட்டணமில்லை" என்பதைத் தனி விடையாகக் கொடுங்கள். நிமிடம், ரூபாய் கேட்கும் இடங்களில் எண் மட்டும் ஏற்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் "ரெண்டு மணி நேரம்", "2 மணி", "120" மூன்றும் கலந்து வரும்.

பெரும்பாலோர் போனில்தான் நிரப்புவார்கள். அகலமான கட்ட அட்டவணைக் கேள்விகள் போன் திரையில் அடங்காது, தவிருங்கள். மொத்தம் 15 கேள்வி போதும்.

படி 3: அமைப்பு

ஆய்வின் நோக்கம், விருப்பமிருந்தால் மட்டும் பதில் தரலாம் என்ற உறுதி, உங்கள் துறை, தொடர்பு ஈமெயில் எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கட்டும். "சம்மதம்" என்று தொட்டால் மட்டும் அடுத்த பக்கம் திறக்க வேண்டும். பெயர் தேவையில்லை என்றால் ஈமெயில் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். சிலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். இருந்தாலும் இரட்டைப் பதிலைத் தடுக்க அது நல்லது.

படி 4: முன்னோட்டம்

பட்டியலில் தேர்வாகாத 10 பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே தயங்குகிறார்களோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். பிறகு சோதனைப் பதில்களை அழித்துவிடுங்கள். அனுப்பிய பின் விடைகளின் வாசகத்தை மாற்றவே கூடாது; பழைய வாசகமும் புதியதும் பதில்கள் சேரும் கூகுள் ஷீட்டில் இரண்டு விடைகளாக நிற்கும்.

படி 5: அனுப்புதல்

இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு; மீறினால் அனுப்புவதே தற்காலிகமாக முடங்கும். 556 பேரை இரண்டு நாளாகப் பிரித்து, 50 பேர் வீதம் பிசிசியில் போடுங்கள். சிசியில் போட்டால் எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரவு 7 மணிக்கு மேல் அனுப்புங்கள். செமஸ்டர் தேர்வு நாளும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட விடுமுறையும் வேண்டாம்.

5 நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அடுத்த வாரம் இன்னொன்று. யார் பதில் தந்தார்கள் என்று தெரியாததால் எல்லாருக்குமே அனுப்பி, "ஏற்கெனவே நிரப்பியவர்கள் விட்டுவிடலாம்" என்று சேர்த்து எழுதுங்கள்.

படி 6: பதில்கள்

மூல ஷீட்டைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். நினைவூட்டலுக்கு முன் வந்த பதிலையும் அதற்குப் பின் வந்த பதிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வேறுபாடு இருந்தால், பதிலே தராதவர்களும் வேறு மாதிரி இருக்கக்கூடும். அதை ஆய்வேட்டில் எழுத வேண்டும். 556 மெயிலில் 30 போய்ச் சேராமல் திரும்பி வந்திருந்தால் பதில் விகிதத்தை 526-ஐ வைத்துக் கணக்கிட்டு, மூன்று எண்களையும் முறையியல் அத்தியாயத்தில் கொடுங்கள்.