டெல்லியில் அணையாச் சுடரும் காவலும்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

ஊரிலிருந்து யாராவது வந்தால் இந்தியா கேட் முன்னால் செல்ஃபி எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அப்படியே பின்பக்கம் நடந்தால் தேசிய போர் நினைவிடம், அனுமதி இலவசம். 1972இல் இந்தியா கேட்டின் கீழ் ஏற்றிய அமர் ஜவான் ஜோதி என்ற அணையாச் சுடரை 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

சென்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம், ஆட்டோவும் கிடைக்கும். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், மாலைச் சடங்கில் உயிர்நீத்த ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைப்பார்கள், அந்த நேரத்தில் போனை உள்ளே வையுங்கள், ரீல்ஸ் எடுத்தால் எனக்குக் கோபம் வரும். காவலில் நிற்பவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், சிரிக்க வைக்கவும் முயல வேண்டாம்.

அதற்கு முன் தியாகச் சக்கரத்தை, அதாவது வீரர்களின் பெயர் பொறித்த வட்டச் சுவர்களைச் சுற்றுங்கள். கருங்கல் பலகைகளில் பொன்னெழுத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள், நம்மூர்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் கால் தானாக நின்றுவிடும். போர்வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் தனியே இருக்கின்றன. 1987இல் இலங்கையில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை அங்கே தேடிப் பாருங்கள்.

ஆனால் இங்கே யாரும் புதைக்கப்படவில்லை. கல்லறை பார்ப்பதில்தான் ஆர்வம் என்றால் இன்னொரு நாள் காலையில் கண்டோன்மென்ட் பக்கம், பிரார் சதுக்கத்தை ஒட்டிய டெல்லி போர்க் கல்லறைக்குப் போங்கள். 1951இல் அமைத்தது, வட இந்தியாவின் பல கல்லறைகளிலிருந்து கொண்டுவந்து இங்கே சேர்க்கப்பட்ட படைவீரர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவுச் சின்னம், பெயர், இறந்த தேதி, சிலவற்றில் வயது. வயதை மட்டும் படித்துக்கொண்டே ஒரு வரிசை நடங்கள், அப்புறம் தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள், வெயில் சுள்ளென்று அடிக்கும்.